தேவனுடைய ஆளுகையைப் பேசும் ஒரு தினவசன நாட்காட்டி: ஓராண்டு கிழித்து வாசித்த பின் எழுதும் மதிப்பீடு

2023ஆம் ஆண்டு டிசம்பர் மாத நடுப்பகுதியில், வட இலங்கையின் வவுனியா நகரிலுள்ள ஒரு கிறிஸ்தவப் புத்தகக் கடையில் 850 ரூபா கொடுத்து, 2024ஆம் ஆண்டுக்குரிய தினவசன நாட்காட்டி ஒன்றை வாங்கினேன். எங்கள் வீடுகளில் வழக்கமாகத் தொங்குகிற வாக்குத்தத்தக் கலண்டரின் உருவம்தான் இதற்கும். தடித்த மட்டையில் 366 தாள்கள். ஒவ்வொரு தாளின் முன்பக்கத்தில் திகதியும் ஒரு வசனமும், பின்பக்கத்தில் எட்டுப் பத்து வரிகளில் ஒரு விளக்கமும் இருக்கும். மற்றவற்றிலிருந்து இது வேறுபட்டது ஒரு காரியத்தில். ஆண்டு முழுவதற்கும் "தேவனுடைய ஆளுகை" என்ற ஒரே பொருளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு மாதத்தின் முதல் தாளோடும் நான்கு பக்கக் கட்டுரை ஒன்றை மடித்துச் சேர்த்திருந்தார்கள். கிளிநொச்சி மாவட்டத்து வட்டக்கச்சியில் எங்கள் வீட்டு விறாந்தைச் சுவரில் அதைத் தொங்கவிட்டு, நாள் தவறாமல் கிழித்து, குடும்பமாக வாசித்து முடித்த பின்னரே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். வெளியிட்டவர்களின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. குறையாகச் சொல்லவேண்டியவை சில உண்டு. அவற்றை அவர்களுக்கே தனியாகக் கடிதத்தில் எழுதியிருக்கிறேன்.

முதலில் பொருளின் தரத்தைச் சொல்லிவிடுகிறேன். தாள் மிகவும் மெல்லியது. பின்பக்கத்து எழுத்து முன்பக்கத்தில் நிழலாகத் தெரிகிறது. கண்ணில் சத்திரசிகிச்சை செய்துகொண்ட என் மாமி, முன்பக்க வசனத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்துவிடுவார்; பின்பக்கத்தை யாராவது வாசித்துக் காட்டவேண்டியிருந்தது. மாரி தொடங்கி ஈரம் ஏறியதும் மேல்விளிம்பின் ஒட்டு விட்டுப்போய், நவம்பரில் ஒரு தாளைக் கிழித்தால் மூன்று சேர்ந்து வந்தன. இந்தியாவில் அச்சிடப்பட்டது என்பதால் எங்கள் போயா (பௌர்ணமி) விடுமுறை தினங்களோ பாடசாலை விடுமுறைகளோ இதில் இல்லை. ஆகையால் வங்கி தருகிற கலண்டரும் பக்கத்தில் தொங்கியே ஆகவேண்டும். வாங்குகிறவர்கள் இவற்றைத் தெரிந்து வாங்கட்டும். ஆனால் நான் இதை எடைபோட விரும்புவது தாளை வைத்து அல்ல.

தேவன் ஆளுகிறார் என்று சொல்வது வன்னியில் இலகுவான பேச்சல்ல. போரும், இடம்பெயர்வும், முகாமும், திரும்பி வந்து காடு பற்றிக் கிடந்த வளவைத் துப்புரவாக்கியதும் எங்கள் எல்லோருக்கும் பொதுவான கதை. அதனாலேயே எங்கள் வாயில் "எல்லாம் தலைவிதி" என்ற சொல் சீக்கிரம் வந்துவிடுகிறது. விசுவாசிகளும் அதே எண்ணத்துக்கு "எல்லாம் கர்த்தருடைய சித்தம்" என்று வேறு உடை போட்டுச் சொல்லிவிடுகிறோம். விதி என்பதற்கு முகமில்லை. அதனிடம் முறையிட முடியாது, அழவும் முடியாது. வேதம் சொல்லுகிற ஆளுகையோ ஒரு பிதாவின் ஆளுகை. ஜனவரிக் கட்டுரை இந்த வேறுபாட்டைத்தான் எடுத்துக்கொண்டது. அதை நான்கு பக்கத்தில் இவ்வளவு தெளிவாக வேறெங்கும் வாசித்ததில்லை. சீர்திருத்தத் திருச்சபைகளின் உபதேச நூலான, 1563ஆம் ஆண்டின் ஹைடல்பெர்க் வினாவிடையில் வரும் 27ஆம் கேள்வியை அது அடிப்படையாக வைத்திருந்தது. மழையும் வறட்சியும், விளைச்சலுள்ள ஆண்டும் விளையாத ஆண்டும், உணவும் பானமும், சுகமும் நோயும், செல்வமும் வறுமையும் தற்செயலாக வருவதில்லை, பிதாவின் கையிலிருந்தே வருகின்றன என்பது அந்த விடையின் கருத்து. கட்டுரையாளர் அறிந்து எழுதினாரோ என்னவோ, அந்த வினாவிடை எங்கள் மண்ணுக்கு அந்நியமானதல்ல. 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தரின் திருச்சபை அறிக்கையிட்ட உபதேசம் அது. மழையையும் வறட்சியையும் அந்த வரிசையில் சேர்த்தவர்கள் கமக்காரரைத் தெரிந்தவர்களாக இருந்திருக்கவேண்டும். மழையை நம்பிய காலபோக நெல்லுக்கு வானத்தையும், குளத்து நீரை நம்பிய சிறுபோக நெல்லுக்கு இரணைமடுக் குளத்தின் நீர்மட்டத்தையும் பார்த்திருக்கிற எங்களுக்கு, அந்த இரண்டு சொற்களுக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

ஆண்டு முழுவதிலும் மிகச் சிறந்த பகுதி எதுவென்று கேட்டால், மார்ச் மாதத்தில் ரூத்தின் சரித்திரத்தைக் கொண்டு எழுதிய பகுதி என்று தயக்கமின்றிச் சொல்வேன். பஞ்சத்தினால் ஊரைவிட்டுப் போய், கணவனையும் இரண்டு மக்களையும் பறிகொடுத்து, வெறுங்கையாய்த் திரும்பி வந்த நகோமியை நாங்கள் அறிவோம். அவள் எங்கள் ஒழுங்கையில் நாலு வீட்டில் இருக்கிறாள். அவளுடைய மருமகள் ரூத் கதிர் பொறுக்கப் புறப்பட்டதைச் சொல்லும் இடத்தில் வேதம், "தற்செயலாய் அவள் போன அந்த வயல்நிலம்" போவாசுடையதாய் இருந்தது என்கிறது. அந்தத் "தற்செயலாய்" என்ற ஒரு சொல்லுக்காக மட்டும் நாட்காட்டி மூன்று நாள் தாள்களை ஒதுக்கியிருந்தது. ரூத்துக்கு அன்று தரிசனம் வரவில்லை, சொப்பனம் வரவில்லை, இந்த வயலுக்குப் போ என்று எவரும் சொல்லவில்லை. வீட்டில் அரிசி இல்லை. ஆகவே எழும்பி வேலைக்குப் போனாள். போகிற வழியில் ஏதோ ஒரு வரம்பில் இறங்கினாள். அவளுடைய கண்ணுக்குத் தற்செயலாயிருந்தது தேவனுடைய கண்ணுக்கு அப்படியிருக்கவில்லை என்பதை அந்த மூன்று தாள்களும் ஆரவாரமில்லாமல் சொல்லின. அறுவடை இயந்திரம் வருமுன்னர், அருவி வெட்டு (கதிர் அறுப்பு) முடிந்த வயலில் என் அம்மாவும் கதிர் பொறுக்கியிருக்கிறார். அன்றாட வாழ்க்கையில் தேவ ஆளுகையை நம்புவது என்பது நாளைக்கு நடக்கப்போவதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது என்று எண்ணியிருந்த எனக்கு, அது அரிசிக்காகப் புறப்பட்டுப் போவதோடு சம்பந்தப்பட்டது என்பதை இந்தப் பகுதி காட்டித் தந்தது.

இங்கே இவ்வகை நாட்காட்டிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் ஆபத்தைச் சொல்லாமல் விடமுடியாது. ஆண்டிறுதி ஆராதனையில் தட்டில் வைத்த வாக்குத்தத்த அட்டைகளில் ஒன்றை ஒவ்வொருவரும் எடுத்து, அதுவே தமக்கு அந்த ஆண்டுக்குரிய வார்த்தை என்று கொள்வது எங்கள் சபைகளில் வழக்கம். நாளுக்கொரு வசனம் என்பது பழையதொரு நல்ல மரபு. 1728இல் ஹெர்ன்ஹூட் என்ற ஜெர்மானியக் கிராமத்தில் சின்செண்டோர்ஃப் பிரபு தம்மோடிருந்த மொரேவிய சகோதரருக்கு ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வசனத்தைக் கொடுக்கத் தொடங்கினார். 1731இல் அது புத்தகமாக அச்சேறியது. இன்றுவரை ஆண்டுதோறும் பழைய ஏற்பாட்டு வசனங்களைச் சீட்டெடுத்தே தெரிவு செய்கிறார்கள். அதே சகோதரர் 1760இல் தரங்கம்பாடிக்கும் வந்தார்கள். சீட்டைப் பற்றி நீதிமொழிகள் 16:33 சொல்வதும் எங்களுக்குத் தெரியும்: "சீட்டு மடியிலே போடப்படும், காரியசித்தியோ கர்த்தரால் வரும்." ஆனால் ஹெர்ன்ஹூட்டில் எடுத்த வசனம் எல்லோருக்கும் ஒன்றே, கிராமம் முழுவதும் அதைக் கேட்டு, அதைத் தியானித்து, வேலைக்குப் போனது. தனக்கு மட்டும் காட்டப்பட்ட குறியாக ஒருவன் அதை எடுத்துக்கொள்வது வேறு காரியம்.

என் உறவுக்கார இளைஞன் ஒருவன் சில ஆண்டுகளுக்கு முன்னர் வேறொரு நாட்காட்டியில், "நீ உன் தேசத்தையும், உன் இனத்தையும்" விட்டுப் புறப்படு என்று ஆபிரகாமுக்குச் சொல்லப்பட்ட வசனம் வந்த அன்றே, வெளிநாட்டுக்கு அனுப்புவதாகச் சொன்ன ஒரு முகவருக்குப் பணத்தைக் கட்டினான். காணியை ஈடுவைத்து எடுத்த பணம் அது. அவன் போகவும் இல்லை; பணம் திரும்பவும் இல்லை. கர்த்தர் தன்னை ஏமாற்றிவிட்டார் என்று இரண்டு ஆண்டுகள் ஆராதனைக்கு வராமலிருந்தான். அவன் கெட்டது தேவனுடைய ஆளுகையை அளவுக்கு மீறி நம்பியதால் அல்ல; அந்த ஆளுகை ஒரு கடதாசித் துண்டில் முன்கூட்டியே வெளிப்பட்டுவிடும் என்று நம்பியதால்தான். நான் மதிப்பிடுகிற இந்த நாட்காட்டி அந்தப் பிழையை நன்றாக உணர்ந்திருக்கிறது. மாதத்தின் முதல் தாளில், "இந்த வசனம் யாருக்கு, எப்போது சொல்லப்பட்டது என்பதை வேதாகமத்தைத் திறந்து பாருங்கள்" என்ற கருத்தில் ஒரு வரி தவறாமல் வருகிறது. ஒவ்வொரு வசனத்துக்கும் கீழே முழு அதிகாரத்தையும் வாசிக்கும்படி குறிப்பு இருக்கிறது. பன்னிரண்டு மாதமும் அந்தக் குறிப்பின்படி வாசித்தால், வேதாகமத்தில் ஒரு கணிசமான பங்கு கைக்கு வந்துவிடும். நாங்கள் வாரத்தில் நான்கு நாட்களாவது அப்படிச் செய்தோம்.

இந்த ஒழுங்கின் பயனை எரேமியா 29:11 வந்த நாளில் கண்டேன். தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் இதைவிட அதிகமாகச் சட்டம் போட்டு மாட்டிய வசனம் இருக்கமுடியாது: "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." பெரும்பாலான நாட்காட்டிகள் இதைச் சீக்கிரம் வரப்போகிற நன்மையின் அறிவிப்பாகவே அச்சிடும். இதன் பின்பக்கமோ நேராக விஷயத்துக்கு வந்தது. வசனம் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதத்தில் உள்ளது. முந்தைய வசனம் எழுபது ஆண்டு என்கிறது. கடிதத்தைக் கேட்ட முதியவர்கள் எவரும் திரும்பிப் போவதைக் கண்ணால் காணப்போவதில்லை. அப்படியிருந்தும் அவர்களுக்குச் சொல்லப்பட்டது, வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள் என்பது. போர் முடிந்த 2009இல், இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த செட்டிக்குளம் மெனிக்பாம் முகாமில் தறப்பாள் கூடாரத்தின் ஓரத்தில் மாமி இரண்டு பயிற்றங்கொடி நட்டதை, இந்தத் தாளை வாசித்தபோது அவரே நினைவுபடுத்தினார். நாளைக்கு எங்கே ஏற்றுவார்கள் என்று தெரியாத இடத்தில் எதற்காக நட்டீர்கள் என்று கேட்டேன். காய்க்கும் என்றுதான் நட்டேன் என்றார். அதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை. அந்தத் தாளின் விளக்கமும் அந்த அளவில் நின்றது நல்லது.

இப்போது என்னை மிகவும் வருத்திய குறைக்கு வருகிறேன். ஜூலை மாதம், சகோதரரால் அடிமையாக விற்கப்பட்ட யோசேப்பின் சரித்திரம். ஆதியாகமம் 50:20இல் யோசேப்பு தன் சகோதரரிடம் சொல்லுகிற வார்த்தையில் இரண்டு பாதிகள் உண்டு. நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள் என்பது முதற்பாதி. தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார் என்பது இரண்டாம் பாதி. அந்த நாளின் தாளில் இரண்டாம் பாதியை மட்டுமே அச்சிட்டிருந்தார்கள். இடம் போதாமல் அப்படி நடந்திருக்கலாம். பின்பக்க விளக்கமும், நமக்குத் தீங்கு செய்தவர்களைத் தேவனுடைய கருவிகளாகக் கண்டு மறந்துவிட வேண்டும் என்று முடிந்தது.

பக்கத்து வீட்டு அக்கா அன்று காலை வழக்கம்போல் வந்து தாளைப் பார்த்தார். 2009இல் காணாமல் ஆக்கப்பட்ட மகனை இன்றும் தேடுகிற தாய் அவர். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் உறவினர்கள் தொடங்கிய போராட்டத்தில் எத்தனையோ நாட்கள் மகனுடைய படத்தை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தவர். "தங்கச்சி, செய்தவன் செய்ததை ஏன் இதிலை போடேல்லை?" என்று கேட்டார். வேதத்தில் இருக்கிறது அக்கா, தாளில் விட்டுவிட்டார்கள் என்று சொல்லி, வேதாகமத்தை எடுத்து முழு வசனத்தையும் வாசித்துக் காட்டினேன். பிறகு பேனையை எடுத்து, விடுபட்ட பாதியை அந்தத் தாளின் மேல்விளிம்பில் எழுதினேன். அவர் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

இதைச் சிறிய அச்சுப் பிழையாக நான் எண்ணவில்லை. தேவனுடைய ஆளுகையைப் பற்றிய முழு உபதேசமும் அந்த இரண்டு பாதிகளும் ஒன்றாய் நிற்பதில்தான் இருக்கிறது. யோசேப்பு சகோதரரை மன்னித்தான். ஆனால் அவர்கள் செய்தது தீமையல்ல என்று சொல்லவில்லை, அவர்கள் அதை மனதார நினைத்தே செய்தார்கள் என்பதையும் மறைக்கவில்லை. பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு சிலுவையைப் பற்றிப் பேசும்போதும் அப்படியே. அது தேவன் நிர்ணயித்த ஆலோசனையின்படி நடந்தது என்றும், அக்கிரமக்காரருடைய கைகளினாலே நடந்தது என்றும் ஒரே வசனத்தில், அப்போஸ்தலர் 2:23இல், அவன் சொல்லுகிறான். முதற்பாதியை வெட்டிவிட்டால் தேவன் தீமைக்குச் சாக்காகிவிடுகிறார். குற்றம் செய்தவன் நியாயத்துக்குத் தப்பிவிடுகிறான். நீதி கேட்கிற தாய் அவிசுவாசியாகிவிடுகிறாள். இரண்டாம் பாதியை வெட்டிவிட்டாலோ, தீமை செய்தவனே எங்கள் வாழ்க்கையின் கடைசி எசமானாகிவிடுகிறான். வன்னியில் விற்கப்படும் எந்த நாட்காட்டியும் இந்த வசனத்தைப் பாதியாக அச்சிடக்கூடாது. வெளியீட்டாளருக்கு எழுதிய கடிதத்தில் நான் அழுத்திக் கேட்டது இந்த ஒன்றைத்தான்.

பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவைப் பற்றிய ஆகஸ்ட் மாதத்திலும் இதே வகையான அவசரம் தெரிகிறது. "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்ற வசனத்துக்கு ஒரு தாள், இரட்டிப்பாய்த் திரும்பக் கிடைத்ததற்கு ஐந்து தாள்கள். இடையில், தான் பிறந்த நாளை யோபு சபிக்கிற மூன்றாம் அதிகாரமும், தேவனோடு வழக்காடுகிற நீண்ட அதிகாரங்களும் ஒரு தாளிலும் இல்லை. புலம்பலுக்கு இடம் கொடாத ஆளுகைப் போதனை, சாவீட்டில் வந்து ஒப்பாரியை நிறுத்தச் சொல்லுகிறவனைப் போன்றது. அந்த மாதத்தில் நாங்கள் நாட்காட்டியை விட்டுவிட்டு யோபுவின் புஸ்தகத்தையே வாசித்தோம்.

நவம்பர் மாதத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். அந்த மாதக் கட்டுரை அப்போஸ்தலர் 27ஆம் அதிகாரம், கைதியாக ரோமாபுரிக்குக் கொண்டுபோகப்பட்ட பவுலின் கப்பற்சேதம். மாதத் தொடக்கத்தில் வாசித்தபோது நல்ல கட்டுரை என்று மடித்து வைத்தேன். எங்கள் இரண்டு ஏக்கரிலும் நெல் முளைத்துப் பச்சை பிடித்திருந்தது. மாதக் கடைசியில், வங்காள விரிகுடாவில் உண்டான தாழமுக்கத்தால் விடாமல் மழை கொட்டியது. நவம்பர் 25 அன்று தொடங்கிய உயர்தரப் பரீட்சைக்குப் போன என் மகள், இரண்டாம் நாள் இடுப்பளவு தண்ணீர் ஓடிய பாலத்தைச் சுற்றிக்கொண்டு வீடு வந்தாள்; 27ஆம் திகதி முதல் பரீட்சையே இடைநிறுத்தப்பட்டது. அன்று காலை எங்கள் தாளில் வந்த வசனம் சங்கீதம் 65:9: "தேவரீர் பூமியை விசாரித்து அதற்கு நீர்ப்பாய்ச்சுகிறீர்."

ஒருவரும் பேசவில்லை. என் கணவர் தாளைப் பார்த்துவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயல் வரம்பை வெட்டிவிடப் போய்விட்டார். 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கிய இரவு அவருக்கும் எனக்கும் நினைவில் இருந்தது. அந்த வசனம் பொய்யென்று நான் எண்ணவில்லை; ஆனால் அன்றைக்கு அதை வாய்விட்டு வாசிக்க என்னால் முடியவில்லை. பின்பக்க விளக்கமும், மழை கீழ்ப்படிகிறவர்களுக்கு வரும் ஆசீர்வாதம் என்ற போக்கில் இருந்தது. தீயோர்மேலும் நல்லோர்மேலும், நீதியுள்ளவர்கள்மேலும் அநீதியுள்ளவர்கள்மேலும் மழை பெய்கிறது என்று இயேசு சொன்னதை அதை எழுதியவர் மறந்துவிட்டார் போலும். மாமிதான் வேதாகமத்தைத் தரும்படி கேட்டு, என்னைச் சங்கீதம் 29ஐ வாசிக்கச் சொன்னார். அதன் பத்தாம் வசனம், "கர்த்தர் ஜலப்பிரவாகத்தின்மேல் வீற்றிருக்கிறார்" என்பது. வெள்ளத்தைத் தடுத்தார் என்று அந்த வசனம் சொல்லவில்லை. வெள்ளம் இருக்கிறது, அதன்மேல் ஒருவர் ராஜாவாக இருக்கிறார்.

அன்று மாலை, மின்சாரம் இல்லாமல் விளக்கு வெளிச்சத்தில், மடித்து வைத்த அந்தக் கப்பற்சேதக் கட்டுரையை மீண்டும் எடுத்து வாசித்தோம். இதற்காக மட்டும் 850 ரூபாவைத் திரும்பவும் கொடுப்பேன். கப்பலில் இருந்த 276 பேரில் ஒருவருக்கும் உயிர்ச்சேதம் வராது என்று தேவதூதன் பவுலுக்குச் சொல்லிவிட்டான். தேவன் சொன்னார் என்றால் அது நடந்தே தீரும். ஆனால் கப்பலாட்கள் படவை இறக்கிக்கொண்டு ஓடப் பார்த்தபோது, இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பமாட்டீர்கள் என்று அதே பவுல் நூற்றுக்கு அதிபதியை எச்சரிக்கிறான். பதினான்கு நாள் பட்டினி கிடந்தவர்களைச் சாப்பிடச் சொல்லித் தானே அப்பத்தைப் பிட்டுச் சாப்பிடுகிறான். வாக்குத்தத்தம் உறுதியானது என்பதால் அவன் கைகட்டி இருக்கவில்லை. அது உறுதியானது என்பதாலேயே அவனால் நிதானமாக வேலை செய்ய முடிந்தது. முடிவில் கப்பல் உடைந்துபோனது, சரக்கும் போனது; பலகைகளையும் கப்பல் துண்டுகளையும் பிடித்துக்கொண்டு எல்லோரும் கரையேறினார்கள். வாக்குக் கொடுக்கப்பட்டது உயிருக்கு, கப்பலுக்கு அல்ல என்று கட்டுரையாளர் எழுதிய இடத்தில் என் கணவர் நிறுத்தச் சொல்லி, இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார். 2009இல் நாங்கள் எதைப் பிடித்துக்கொண்டு கரையேறினோம் என்பதை அந்த வீட்டில் ஒருவருக்கும் எடுத்துச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

ஒரு ஏக்கர் அழுகிப்போனது. மேட்டுப் பக்கத்து ஏக்கர் தப்பியது. கமநல சேவை நிலையத்தில் இழப்பைப் பதிந்தோம். வயலைச் சுற்றிக் கழிவு வாய்க்காலை ஆழப்படுத்தினோம். பரீட்சை டிசம்பர் 4ஆம் திகதி மீண்டும் தொடங்கியது. அந்த இடைவெளியில் மகள் படிக்கவும் செய்தாள், அழவும் செய்தாள், ஜெபிக்கவும் செய்தாள். பெறுபேறு எப்படி வந்தால் கர்த்தருடைய சித்தம், எப்படி வந்தால் அல்ல என்று அவள் என்னைக் கேட்டாள். கெத்செமனேயில் ஆண்டவர் முதலில் தமக்கு வேண்டியதை வெளிப்படையாகக் கேட்டார், பிறகே பிதாவின் சித்தத்துக்கு ஒப்புக்கொடுத்தார் என்று ஏப்ரல் மாதத் தாளொன்றில் வாசித்ததை அவளுக்கு எடுத்துக் கொடுத்தேன். அவள் தனக்கு வேண்டியதை வெளிப்படையாகவே கேட்டாள்.

மொழியைப் பற்றிச் சிறிது. வசனங்கள் எல்லாம் 1871இல் வெளிவந்த பவர் மொழிபெயர்ப்பு. எங்கள் முதியவர்களின் காதுக்குப் பழகியது அதுவே என்பதால் இது சரியான தெரிவு. விளக்கங்களின் தமிழ் எளியது; ஆனால் உதாரணங்கள் பெரும்பாலும் சென்னையின் மின்சார ரயிலும் அலுவலகமும் மாடிக் குடியிருப்பும்தான். இங்குள்ள சபைகள் சேர்ந்து, ஏ9 வீதியும் குளமும் கரைவலையும் தெரிந்தவர்களைக் கொண்டு இப்படியொரு நாட்காட்டியை எழுதினால், நான் முதல் ஆளாக வாங்குவேன். அதுவரை இது போதும். யாக்கோபு 4:15க்குரிய தாள் மட்டும் எங்கள் ஊருக்கென்றே எழுதியதுபோல் இருந்தது. "ஆண்டவருக்குச் சித்தமானால்" என்பதைத் திருமண அழைப்பிதழில் அச்சிட்டுவிட்டு, மண்டபத்துக்கும் சமையலுக்கும் எல்லாம் எங்கள் கையில் இருப்பதுபோல் ஓடித்திரிகிறோம் என்று அதில் எழுதியிருந்தது.

யார் வாங்கலாம் என்று கேட்டால், வேதாகமத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசிக்க ஆயத்தமாயிருக்கிற குடும்பங்களும், ஞாயிறு பாடசாலை ஆசிரியர்களும் தயங்காமல் வாங்கலாம். அண்மையில் துக்கம் கண்ட வீட்டுக்கு இதை அன்பளிப்பாகக் கொடுக்க நினைப்பவர்கள், ஜூலை, ஆகஸ்ட் மாதத் தாள்களை முதலில் தாங்களே வாசித்துப் பார்க்கவேண்டும்; முடிந்தால் கொடுக்கிறபோது உடனிருக்கவும் வேண்டும். காலையில் ஒரு வசனத்தைப் பார்த்து அன்றைய காரியத்தை முடிவுசெய்ய விரும்புகிறவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்கமாட்டேன். அவர்களுக்கு வேறு எந்த நாட்காட்டியையும் பரிந்துரைக்கமாட்டேன்.

பன்னிரண்டு மாதக் கட்டுரைகளையும் நூலால் தைத்து, எங்கள் ஞாயிறு பாடசாலை அலுமாரியில் வைத்திருக்கிறேன்; திகதி முடிந்தாலும் அவற்றுக்குப் பயன் முடியவில்லை. கடையில் விசாரித்தபோது, பழைய ஆண்டின் பிரதிகள் சிலவற்றைக் கட்டுரைகளுக்காகவே 200 ரூபாவுக்குக் கொடுப்பதாகச் சொன்னார்கள். வவுனியாப் பக்கம் போகிறவர்கள் இன்னும் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம். யோசேப்பின் தாள் வரும் இடத்தில் ஒரு பேனையை எடுத்து, வசனத்தின் முதற்பாதியைத் தவறாமல் எழுதிக்கொள்ளுங்கள்.